மணமுறிவும் கியூபெக் சட்டமும்: கையொப்பமிடுமுன் அறிய வேண்டியவை

(டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நகரில் தமிழ்க் குடும்பங்களுக்கான சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எம்மவர் வீட்டில் ஒரு திருமணம் என்றால் ஊரே திரள்கின்றது. அம்மணம் முறியும்போதோ இரு வீட்டாரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகின்றனர். அவ்வாறு சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எழுதப்படும் கடதாசிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

"வீடு அவருடைய பெயரில் இருக்கின்றது, எனக்கு இங்கே ஒன்றுமில்லை" என்று கூறும் பெண்கள் எம்மிடையே பலர். இது கியூபெக் சட்டத்திற்கு முற்றிலும் முரணான எண்ணமாகும். 1989 யூலை 1 முதல் இம்மாகாணத்தில் குடும்ப உடைமைத் தொகுதி என்ற ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. பிரெஞ்சு மொழியில் இதனை 'பத்ரிமுவான் ஃபமிலியால்' என்பர். குடும்பம் வாழும் வீடு, வீட்டுத் தளபாடங்கள், குடும்பத்தின் பயணத்திற்கான வாகனங்கள், மணவாழ்வின்போது சேர்ந்த ஓய்வூதிய உரிமைகள் ஆகியன இதில் அடங்கும். உறுதியில் எவருடைய பெயர் இருந்தாலும், இவற்றின் தேறிய பெறுமதி இருவருக்கும் சரிபாதியாகும். திருமணம் யாழ்ப்பாணத்தில் நடந்ததா, சென்னையில் நடந்ததா என்பது இங்கே கேள்வியன்று. தம்பதியர் கியூபெக்கை வதிவிடமாகக் கொண்டிருந்தால் இவ்விதி பொருந்தும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வீட்டின் பெறுமதி 600,000 டொலர். ஈட்டுக்கடன் 350,000 டொலர். அக்கடனில் 50,000 டொலர், கணவர் தமது தங்கையின் சீதனத்திற்காக வீட்டின் மேல் பிற்காலத்தில் எடுத்தது. வீட்டை வாங்கவும் திருத்தவும் பேணவும் பட்ட கடனையே இக்கணக்கில் கழிக்கலாம். ஆகவே கழிபடுவது 300,000 டொலர் மாத்திரமே. மிகுதி 300,000 டொலரில் பாதியான 150,000 டொலர் மனைவிக்குரியது. சகோதரிகளைக் கரைசேர்க்கவும், உறவுகளை நாட்டிலிருந்து வெளியே எடுக்கவும் வீட்டை ஈடுவைத்த எமது ஆண்கள் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. அவர்களது தியாகம் மெய்யானதே. எனினும், அச்சுமையில் பாதியைச் சட்டம் மனைவியின் தலையில் ஏற்றுவதில்லை.

நன்கொடையாகவோ மரபுரிமையாகவோ கிடைத்தவை இத்தொகுதியில் சேரா. தாய் தந்தையர் மகளுக்கு எழுதிக்கொடுத்த சீதன வீடு அவளுக்கே உரியது. வங்கிச் சேமிப்பு, சீட்டுப் பணம் முதலியன வேறொரு கணக்கில் வரும். திருமண ஒப்பந்தம் எழுதாதவிடத்து, மணம் புரிந்த காலத்தில் இருவரும் எங்கே வதிந்தனர் என்று முதலில் பார்க்கப்படும். இருவரும் அன்று இலங்கையில் வதிந்திருந்தால் அந்நாட்டுச் சட்டமே பொருந்தும். எனவே தேசவழமையும் அதன் தேடியதேட்டமும் மொன்றியல் நீதிமன்றிலும் பேசுபொருளாகலாம். மாப்பிள்ளை மொன்றியலில் இருந்து சென்று மணமுடித்து, பெண்ணை இங்கே அழைத்திருந்தால், இருவரும் முதன்முதலில் சேர்ந்து வாழ்ந்த இடத்தின் சட்டம், அதாவது கியூபெக் சட்டமே பொருந்தும். திருமணப் பதிவுச் சான்றிதழோடு, எவர் எப்போது கனடா வந்தார் என்பதற்கான ஆவணங்களையும் சட்டத்தரணியிடம் எடுத்துச் செல்லுங்கள்.

இனி அந்தக் கடதாசி. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டால், குடும்ப உடைமைத் தொகுதியைப் பொறுத்தவரை அது செல்லாது. அவ்வுரிமையை முன்கூட்டியே துறக்க முடியாது. மணமுறிவு வழக்கில் நீதிமன்றின் முன் பதிவாகும் கூற்றின் மூலமோ, தீர்ப்பின் பின்னர் நொத்தாரிசு முன்னிலையில் எழுதும் உறுதியின் மூலமோதான் துறக்கலாம். பெரியவர்கள் சமரசம் பேசுவதில் தவறில்லை. அவர்களால் சட்டத்தை மாற்ற இயலாது, அவ்வளவே.

வீடு கணவர் அல்லது மனைவி ஒருவரின் பெயரில் மட்டும் இருந்தால், மற்றவர் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அவ்வீட்டைக் குடும்ப வதிவிடமாகக் காணிப் பதிவேட்டில் பதிவு செய்யலாம். இதற்குத் துணைவரின் சம்மதம் தேவையில்லை. பதிவு செய்த பின்னர் அவரது ஒப்புதலின்றி வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ முற்பட்டால் அதனைச் சட்டப்படி எதிர்க்க முடியும்.

வழக்கு மொன்றியல் நகரில் உள்ள உயர் நீதிமன்றில் நடைபெறும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் அதுவே போதிய காரணம். எவர் பிழை என்று நிறுவ வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டும் பிரிந்து வாழ்ந்ததாகக் காட்டலாம். மீண்டும் இணைந்து பார்த்த காலம் 90 நாட்களுக்கு மேற்படாவிடின் அவ்வாண்டு அறுபடுவதில்லை. தங்கிவாழும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு 5 மணி நேரமும், பிள்ளைகளற்றோருக்கு 3 மணி நேரமும் இணக்கப் பேச்சு இலவசம். இதனைப் பயன்படுத்துவோர் எம்மவரில் குறைவு என்பது எனது எண்ணம். தீர்ப்பு வெளியாகி 31ஆம் நாளிலேயே வழமையாக மணமுறிவு நடைமுறைக்கு வரும். மறுமணம் செய்வோர் அதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

2021 மார்ச் 1 முதல் கனடிய மணமுறிவுச் சட்டம் பிள்ளைகளை எவரது காவலில் விடுவது என்று பேசுவதில்லை. பெற்றோரின் நேரம், முடிவெடுக்கும் பொறுப்பு என்றே பேசுகின்றது. குடும்ப வன்முறையையும் நீதிபதி கருத்திற்கொள்ள வேண்டும். அடி மட்டுமன்று, அச்சுறுத்தலும் பணத்தை மறித்துக் கட்டுப்படுத்துதலும் இச்சட்டத்தின்படி வன்முறையே.

"என்னை விட்டுப் போனால் உன்னை நாட்டுக்குத் திருப்பி அனுப்புவேன்" என்ற மிரட்டல் சில வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றது. நேர்மையாகப் பெற்ற நிரந்தர வதிவுரிமை, மணம் முறிந்ததனால் பறிபோவதில்லை. இரண்டாண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என 2012இல் விதிக்கப்பட்ட நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டுவிட்டது. வதிவுரிமை இன்னும் கிடைக்காதவர்களின் நிலை வேறு. அவர்கள் வீட்டை விட்டு வெளியேறும் முன்னர் இயன்றால் குடிவரவுச் சட்டத்தரணியிடம் பேச வேண்டும். உயிருக்கு ஆபத்தெனில் எதற்கும் காத்திராது 911ஐ அழையுங்கள். குடும்ப வன்முறைக்கு உள்ளானோருக்கான எஸ்ஓஎஸ் வியோலான்ஸ் கொன்ஜுகால் சேவையின் இலக்கம் 1 800 363 9010. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.