அம்மாவோட மருதாணியும் நகச்சொத்தையும்

இந்த வாரம் கால் நகத்தைப் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும் எங்க டீம்ல எல்லாரும் சிரிச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தர் மட்டும் மெதுவா ஷூவைக் கழட்டிக் காட்டி, “ப்ரோ, இது அதுவா?”ன்னு கேட்டாரு. அதனால சிரிக்கிறவங்களும் கடைசி வரைக்கும் கேளுங்க.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம். வாசல்ல நின்னா கல்வராயன் மலை தெரியும். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போவாங்க, வீட்டுல ரெண்டு மாடும் உண்டு. அவங்க கைவிரல், கால்விரல் எல்லாத்துலயும் எப்பவும் மருதாணி செவந்திருக்கும். அம்மாவுக்கு மருதாணின்னா உசுருன்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன்.

தங்கச்சி கல்யாணத்துல, மனையில உட்காரும்போது அம்மா காலைச் சேலைக்குள்ள இழுத்து இழுத்து மறைச்சுக்கிட்டே இருந்தாங்க. ராத்திரி கேட்டேன். “நகம் சொத்தையாப் போச்சுடா. நாலு பேரு பார்த்தா அசிங்கமா இருக்குமேன்னுதான் மருதாணி வெச்சு மறைக்கிறேன்”னாங்க. பத்து வருஷமாவாம். எனக்குத் தெரியவே இல்ல.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நகச்சுத்தி வேற, நகச்சொத்தை வேற. நகச்சுத்தின்னா விரல் நுனி வீங்கி, சீழ் பிடிச்சு, விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். எலுமிச்சம்பழத்தை விரல்ல செருகிக்கிட்டு உட்கார்ந்திருப்போமே, அது. பெரும்பாலும் பாக்டீரியா வேலை. நகச்சொத்தை பெரும்பாலும் வலிக்காது. நகம் மஞ்சளாகும், தடிக்கும், அடியில மாவு மாதிரி உதிரும். வலிக்காததாலதான் வருஷக்கணக்கா விட்டுடறோம்.

கால் நகச்சொத்தைக்குக் காரணம் பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம்ங்கிற பூஞ்சை. படர்தாமரையைக் கொண்டுவர்ற அதே குடும்பம். நகம், தோல், முடியில இருக்கிற கெரட்டின்தான் இதுக்குச் சாப்பாடு. பல பேருக்கு விரல் இடுக்குல சேத்துப்புண்ணா ஆரம்பிச்சு, அங்கிருந்து நகத்துக்குள்ள நுழையும். ஊர்ல சேறு, சென்னையில பன்னெண்டு மணி நேரம் கழட்டாத ஷூ. ஈரமும் புழுக்கமும் இருந்தா அதுக்குப் போதும்.

இனி நான் செஞ்ச தப்புகள். நாலு வீடியோ பார்த்துட்டு, நகத்துல பூசுற மருந்து ஒண்ணை ஆன்லைன்ல வாங்கி அனுப்பினேன். அமரால்ஃபின் மாதிரி பூச்சு மருந்துகள் வேலை செய்யும்தான். ஆனா நகத்துல பாதிக்கும் குறைவா, வேர் வரைக்கும் போகாம இருந்தாத்தான் அதை மட்டும் நம்பலாம். அம்மாவுக்குக் கட்டைவிரல் நகம் முழுசும் போயிருந்தது. நடுவுல அம்மா ஊர்ல ஒரு கடையில ஏதோ க்ரீமும் வாங்கிப் போட்டிருக்காங்க. டியூபைத் திருப்பிப் பார்த்தா, ஸ்டீராய்டு கலந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர விடும். 2018-லயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத பட்டியல்ல சேர்த்தது. ஆனாலும் கைக்குக் கிடைச்சுடுது. 2020-ல ஜப்பான் ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேன்னு பேர் வெச்சாங்க. பேர்லயே நம்ம நாடு இருக்கு. தோல்ல வர்ற அந்தப் படர்தாமரை, வழக்கமான மாத்திரைக்கு லேசுல மசியறதில்ல.

கடைசியா கள்ளக்குறிச்சியில ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நான் மாத்திரை எழுதித் தருவாங்கன்னு பார்த்தா, அவங்க முதல்ல சோதனைன்னாங்க. நகத்துக்கு அடியில சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்ல பூஞ்சை இழை தெரியுதான்னு பார்க்கிற சோதனை. செலவு அதிகமில்ல. ஏன் தேவைன்னா, கெட்டுப்போன நகங்கள்ல கிட்டத்தட்ட பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். மீதி சோரியாசிஸா இருக்கலாம், பழைய அடியா இருக்கலாம், இறுக்கமான ஷூவா இருக்கலாம். நகத்துல கறுப்புக் கோடு புதுசா வந்து அகலமாகிட்டே போனா, அது புற்றுநோயாகூட இருக்க வாய்ப்பு உண்டு. மருதாணி வெச்சா இதெல்லாம் டாக்டர் கண்ணுக்கே தெரியாது.

அம்மாவுக்கு முதல் சோதனையில ஒண்ணும் தெரியல. பூச்சு மருந்து போட்டுட்டு இருந்தா பூஞ்சை ஒளிஞ்சுக்குமாம். எல்லாத்தையும் நிறுத்திட்டு சில வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. ரெண்டாவது தடவை கால் நகத்துல பூஞ்சை உறுதியாச்சு. கைக் கட்டைவிரல் கதை வேற. மாட்டுத்தொட்டி, பாத்திரம்னு நாள் பூரா தண்ணியில ஊறி, நகக்கண் வீங்கி நகம் கோணியிருந்தது. அதுக்கு முதல் மருந்து கையைக் காய வைக்கிறதுதான். ஒரே ஆளுக்கு ரெண்டு நகம், ரெண்டு நோய்.

கால் நகத்துக்கு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒண்ணு, 12 வாரம். கை நகமா இருந்தா 6 வாரம். ஈரலுக்குச் சிக்கல் வரலாம்ங்கிறதால முன்னாடியே ரத்தப் பரிசோதனை. இன்னொரு மாத்திரை இட்ராகொனசோல். அதை இதயம் பலவீனமானவங்களுக்குப் பொதுவாத் தர மாட்டாங்க, கொலஸ்ட்ரால் மாத்திரை சிலதோட ஒத்துப்போகாது. அதனால நீங்க ஏற்கெனவே சாப்பிடுற எல்லா மாத்திரையையும் டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்.

ஒரு மாசம் ஆச்சு. போன்ல அம்மா, “ஒண்ணும் மாறலையேடா, நிறுத்திடட்டுமா?”ன்னாங்க. இங்கதான் பல பேர் விட்டுடறாங்க. மருந்து பழைய நகத்தை நல்லதாக்காது. புது நகத்தை நல்லதா வளர வைக்கும், அவ்வளவுதான். கை நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதுல பாதிகூட வளராது. முழு நகமும் மாற 12-லேர்ந்து 18 மாசம். டாக்டர் ஒரு வழி சொன்னாங்க. நல்ல நகமும் கெட்ட நகமும் சேர்ற இடத்துல லேசா ஒரு கோடு கீறி விட்டாங்க. அந்தக் கோடு மாசாமாசம் முன்னாடி நகர்ந்து, பின்னாடி வர்ற நகம் தெளிவா இருந்தா மருந்து வேலை செய்யுது. தங்கச்சி மாசம் ஒரு போட்டோ அனுப்பினா. மூணாவது போட்டோவுல அடியில பிறை மாதிரி புது நகம். அம்மா அதை போன்ல பெருசாக்கிப் பார்த்துட்டே இருந்தாங்களாம்.

அதுக்கப்புறம் ஒரு நாள் அம்மா ஒரு அட்டை மாத்திரையை என் கையில கொடுத்தாங்க. கூடுதலா வாங்கினது மிச்சம். “மலையில அக்காவுக்கும் இதேதான். கொடுத்துட்டு வா.” வெள்ளிமலைப் பக்கத்துல இருந்து கீழ வேலைக்கு வர்ற அக்கா அவங்க, அம்மாவோட கூட்டாளி. கோமுகி அணையைத் தாண்டி பைக்ல ஏறினேன். மரவள்ளிக் காட்டுக்கு நடுவுல வீடு. அக்கா காலைக் காட்டினாங்க. நகம் அச்சு அசல் அம்மாவுது மாதிரியே. ஆனா விரல் இடுக்குல ஒரு புண்ணும் இருந்தது. “எத்தனை நாளா?”ன்னேன். “தெரியல தம்பி, வலிச்சாத்தானே தெரியும்”னாங்க.

மாத்திரையை எடுத்து பாக்கெட்லயே வெச்சுக்கிட்டேன். “கீழ வாங்கக்கா, ரத்தம் பார்த்துட்டு வந்துடலாம்”னேன். “ஒரு நாள் கூலி போயிடும் தம்பி”ன்னு தயங்கினாங்க. நியாயம்தான். எனக்கு அது ஒரு லீவு, அவங்களுக்கு அது சோறு. அம்மா போன்ல பேசி, அந்த வாரம் எங்க வீட்டுலயே தங்க வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. பார்த்தா சர்க்கரை. அக்காவுக்கே தெரியாது. டாக்டர் நகத்தைப் பத்தி அன்னைக்குப் பேசவே இல்ல. புண்ணை ஆத்தணும், சர்க்கரையை இறக்கணும், நகம் அப்புறம்னாங்க. சர்க்கரை இருக்கிறவங்களுக்குத் தடிச்ச நகம் பக்கத்து விரலைக் குத்தும், உணர்ச்சி இல்லாத கால்ல அது புண்ணாகும், அங்க கிருமி புகுந்தா விரலே போகலாம். மாத்திரையைக் கொடுத்துட்டு வந்திருந்தா, அந்தப் புண்ணை யாரும் பார்த்திருக்கவே மாட்டாங்க.

அதனால உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். இந்தத் தடவை ஊருக்குப் போறப்ப அம்மா, அப்பா காலைப் பாருங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வர்றவங்ககிட்ட காலையும் காட்டச் சொல்லுங்க. உங்க கால்ல இருந்தா, மருந்து வாங்குறதுக்கு முன்னாடி சோதனை. விரல் இடுக்கைத் துடைங்க, சாக்ஸை தினம் மாத்துங்க, நகவெட்டியை யாருக்கும் கொடுக்காதீங்க. பூஞ்சை திரும்பவும் வரக்கூடியதுதான்.

அம்மா இப்பவும் மருதாணி வைக்கிறாங்க. கைக்கு மட்டும். கால் நகத்தைக் கோடு தெரியணும்னு வெறுமனே விட்டிருக்காங்க. இன்னும் பாதி தூரம் பாக்கி.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.