எந்த குரூப் எடுக்கலாம்?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் திருநாவலூர்ப் பக்கம் எந்தத் திண்ணையிலும் பேச்சு நீட்டில்தான் போய் நிற்கும். இப்போது இன்னொன்றும் காதில் விழுகிறது: "மும்பையில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் சேர்ந்தால் டாக்டரைவிடச் சம்பாதிக்கலாமாமே?"

சம்பாதிக்கலாம்தான், அதுவும் சீக்கிரமாகவே. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, மேற்படிப்பு மூன்று ஆண்டு. அதற்குள் சி.ஏ. முடித்து அந்த வேலையில் சேர்ந்த பிள்ளை வீடே கட்டியிருக்கும். ஆனால் தூக்கம்? 2021-ல் கோல்ட்மேன் சாக்ஸின் இளம் ஊழியர்கள் 13 பேர் கணக்குப் பார்த்தார்கள்: சராசரியாக வாரத்துக்கு 95 மணி நேர வேலை. மேற்படிப்பு மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே எழுதி வைத்திருக்கிறது. எந்த வார்டில் அது நடக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அடிமை ஓலையைக் காட்டிச் சிவன் சுந்தரரை ஆட்கொண்ட கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த இரண்டு வேலையும் அப்படித்தான், இளமையை எழுதி வாங்கிக்கொள்ளும்.

தூக்கமில்லாத அந்த ராத்திரி எதற்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். 2025 ஜனவரியில் சென்னை டாக்டர் அகர்வால்ஸ் கண் மருத்துவமனை நிறுவனம் சுமார் 3,027 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதில் நிறுவனத்துக்கென்று வந்தது 300 கோடி. மீதி, பழைய பங்குதாரர்கள் விற்றது. இப்படிப்பட்ட ஒவ்வொரு எண்ணையும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேள்வி கேட்காதபடி சரிபார்த்து எழுதுவதுதான் முதலீட்டு வங்கிக்காரரின் ராத்திரி.

கள்ளக்குறிச்சி டாக்டரின் ராத்திரி 2024 ஜூனில் தெரிந்தது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம். அந்த நஞ்சு கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். டயாலிசிஸ் தாமதமானால் ஆள் மிஞ்சுவது கடினம். சேலம், விழுப்புரம், ஜிப்மர் என்று நோயாளிகளை அனுப்பியும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

என்னைக் கேட்டால், நம் பிள்ளைகளுக்கு மருத்துவமே பக்கத்து வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2022 முதல் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படித்து முடித்து இங்கேயே, கல்வராயன் மலையில்கூட, வேலை பார்க்கலாம். முதலீட்டு வங்கி வேலைக்கு மும்பைதான். சென்னையில் அந்த வங்கிகளின் அலுவலகங்கள் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் பின்னணி வேலை, சம்பளமும் வேறு.

குரூப் எடுக்கும் முன் பிள்ளையை ஒரு நாள் காலை அரசு மருத்துவமனை புறநோயாளிகள் பிரிவில் உட்கார வையுங்கள். செபி இணையதளத்தில் அகர்வால்ஸ் பங்கு வெளியீட்டு ஆவணம் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் பத்துப் பக்கம் படிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு அவர்களே சொல்லட்டும்.