கேள்வி கேட்கக் கூடாத அலுவலகம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நம் முஹல்லாவின் பிள்ளைகள் பலர் இன்று ‘ஸ்டார்ட் அப்’ எனப்படும் புதிய தொழில்நுட்ப நிறுவனங்களில் பணியில் சேர்கின்றனர். பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்றதும் நாம் ஊதியத்தை விசாரிக்கிறோம், ஊரை விசாரிக்கிறோம். ‘அங்கே ஒரு தவறு கண்ணில் பட்டால் வாய் திறந்து கேட்க இயலுமா?’ என்று எவரும் விசாரிப்பதில்லை. அக்கேள்வி எத்துணை இன்றியமையாதது என்பதை, அமெரிக்காவில் நடந்து நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற ஒரு வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

கலிபோர்னியா மாநிலத்தின் பாலோ ஆல்டோ நகரில் 2003ஆம் ஆண்டு ‘தெரனோஸ்’ என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் எலிசபெத் ஹோம்ஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்திய 19 வயதுப் பெண். விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்யலாம் என்பது அவருடைய அறிவிப்பு. 2014ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 900 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. முன்னாள் அமைச்சர்களும் படைத் தளபதிகளும் அதன் இயக்குநர்களாக வீற்றிருந்தனர்.

வெளியே இத்துணைப் புகழ். உள்ளே நிலை என்ன? பத்திரிகையாளர் ஜான் கேரிரூ 2018இல் வெளியிட்ட நூல் அதனை விரிவாகக் கூறுகிறது. ஒரு பிரிவினர் செய்யும் பணி அடுத்த பிரிவினருக்குத் தெரியக் கூடாது. வேதியியல் அறிஞரும் பொறியாளரும் தமக்குள் கலந்து பேசுவதற்கே தடை. ஊழியர் எப்பொழுது வருகிறார், எப்பொழுது செல்கிறார் என்பது கணக்கெடுக்கப்பட்டது. அவர்களுடைய மின்னஞ்சல்கள் கண்காணிக்கப்பட்டன. நிறுவனம் அளிக்கும் இரவு உணவு எட்டு மணிக்குப் பின்னரே வரும். உண்டபின் மீண்டும் வேலை. வீடு திரும்பப் பத்து மணியாகும். 2009இல் நிர்வாகத்தில் இணைந்த ரமேஷ் பல்வானி ஊழியர்களைக் கடுமையாக நடத்துபவர் என்று பெயர் பெற்றார். மறுத்துப் பேசியவர் ஓரிரு நாட்களில் காணாமற் போவார். அவரைப் பற்றிப் பிறர் பேசவும் அஞ்சுவர்.

தொழில் இரகசியத்தைக் காக்கவே இவ்வளவும் என்று கூறப்பட்டது. உண்மையில் காக்கப்பட்டது வேறு. அவர்களுடைய கருவியால் சில பரிசோதனைகளை மட்டுமே செய்ய முடிந்தது. எஞ்சியவை பிற நிறுவனங்களின் இயந்திரங்களைக் கொண்டு மறைவாகச் செய்யப்பட்டன. ஒரு பிரிவு மற்றொரு பிரிவோடு பேசினால் இக்குட்டு உடைந்துவிடும். ஆகவேதான் அத்துணைப் பூட்டுகள்!

இத்தகைய இடத்தில் மனிதர் படும் வேதனைக்கு ஒரு சான்று கூறுகிறேன். இயான் கிப்பன்ஸ் என்பவர் அங்கு 2005 முதல் பணியாற்றிய மூத்த உயிர்வேதியியல் அறிஞர். குறைகளை எடுத்துரைத்தமையால் பதவியிறக்கம் பெற்றார். ஒரு வழக்கில் சாட்சியம் அளிக்க அழைக்கப்பட்ட நிலையில், உண்மை கூறினால் வேலை போகும் என்றும், கூறாவிடில் மனச்சாட்சி உறுத்தும் என்றும் தவித்தார். 2013 மே மாதத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். செய்தியை அறிவித்த அவர் மனைவியிடம் நிறுவனம் கேட்டது, அவரிடமிருந்த மடிக்கணினியையும் ஆவணங்களையும்!

அதே ஆண்டில் எரிகா சங், டைலர் ஷல்ட்ஸ் என்னும் இரு இளைஞர்கள் பணியில் இருந்தனர். இருவரும் கல்லூரியிலிருந்து அப்பொழுதுதான் வெளிவந்தவர்கள். தரச் சோதனையில் கருவி மீண்டும் மீண்டும் தோல்வியுறுவதையும், ஒவ்வாத எண்கள் கணக்கிலிருந்து நீக்கப்படுவதையும் அவர்கள் கண்டனர். அவ்வறிக்கைகளைக் கொண்டுதான் நோயாளிகளுக்கு மருந்து முடிவாகும் என்பதை எண்ணி உறக்கமிழந்தனர். 2014இல் டைலர், தாம் கண்டவற்றை ஹோம்ஸ் அவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதினார். மறுமொழி பல்வானியிடமிருந்து வந்தது. அதில் விளக்கம் இல்லை, இழிவுரையே இருந்தது. டைலர் பணி விலகினார். எரிகாவும் விலகினார்.

சகோதரர்களே, இனிக் கூறப்போவதே நம் போன்ற குடும்பத்தார் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய பகுதி. டைலரின் பாட்டனார் ஜார்ஜ் ஷல்ட்ஸ், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர், அந்நிறுவனத்தின் இயக்குநர். பேரன் நேரில் சென்று எடுத்துரைத்தும் அவர் நம்பவில்லை. நிறுவனத்தின் சொல்லையே நம்பினார். 2015இல் பாட்டனார் வீட்டில் பேசிக் கொண்டிருந்தபொழுது, மாடியிலிருந்து நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இருவர் காகிதங்களுடன் இறங்கி வந்தனர். பேரன் கையொப்பமிட மறுத்தார். வழக்குச் செலவாக அவருடைய பெற்றோர் 4 இலட்சம் டாலருக்கு மேல் இழந்தனர். எரிகாவோ, தம் தாயார்கூட அறியாத தற்காலிக முகவரியில் தங்கியிருந்தார். அங்கும் மிரட்டல் கடிதம் வந்து சேர்ந்தது. எனினும் அவர் அரசின் ஆய்வகக் கண்காணிப்புத் துறைக்கு 2015 செப்டம்பரில் விரிவாக எழுதினார்.

அடுத்த மாதம் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழில் செய்தி வெளியானது. அரசு ஆய்வு நடத்தி, ஆய்வகம் நோயாளிகளின் உடல்நலத்திற்கு உடனடி ஆபத்து விளைப்பதாக 2016 ஜனவரியில் அறிவித்தது. 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்திற்காக ஹோம்ஸ் 2022இல் 11 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார். பல்வானி பெற்றது ஏறத்தாழ 13 ஆண்டு. பேரன் நடந்துகொண்ட முறை தமக்குப் பெருமை அளித்ததாகப் பாட்டனார் 2021இல் மறைவதற்கு முன் கூறினார். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளின் பிரிவை யார் ஈடு செய்வர்?

கண்டிப்பு வேறு, அடக்குமுறை வேறு. கண்டிப்பான முதலாளி வேலையில் குறையிருந்தால் கேட்பார். அவரிடம் குறையைச் சுட்டினால் காது கொடுப்பார். அடக்கி ஆள்பவரோ குறையைச் சொன்னவரையே குறையாக்குவார். சக ஊழியரோடு பேசத் தடை, விலகியவர் பெயரைச் சொல்ல அச்சம், இரவு வரை இருப்பதே விசுவாசம் என்னும் அளவுகோல், ஐயத்திற்கு விடையாக வசைமொழி ஆகிய இவை ஓரிடத்தில் கூடினால், அங்கே ஏதோ மறைக்கப்படுகிறது என ஐயுற இடமுண்டு.

இளைஞர்களுக்குச் சில சொற்கள். எந்தத் தாளையும் படித்து, நகல் பெற்று, அதன்பின் கையொப்பமிடுங்கள். நிகழ்ந்தவற்றை நாளும் நேரமும் குறித்து உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நிறுவனத்தின் கோப்புகளை எடுத்து வராதீர்கள். புகாரை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் அளியுங்கள். மிரட்டல் கடிதம் வந்தால் தனியே விடையளிக்காமல் வழக்கறிஞரை நாடுங்கள். உடலும் மனமும் நலிகின்றன என்றால், வேறு வேலை தேடி விலகுவது தோல்வியன்று.

பெரியோர்களுக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை தொலைபேசியில் தழுதழுத்தால், ‘பொறுத்துப் போ, நல்ல சம்பளம்’ என்று உடனே கூறிவிடாதீர்கள். தங்கையின் திருமணம், வீட்டுக் கடன் என்னும் பாரங்களை எண்ணி, அவன் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவான். ‘என்ன நடந்தது, வாப்பாவிடம் சொல்’ என்று முதலில் கேளுங்கள். அலுவலகத்தில் வாய் அடைக்கப்பட்ட பிள்ளைக்கு வீட்டிலாவது வாய் திறக்க இடம் இருக்கட்டும்.