வயித்துவலிதானேன்னு இருந்துடாதீங்க



போன ஆடி மாசம், குழுக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது எனக்கு அடிவயித்துல வலது பக்கம் சுருக்குன்னு ஒரு வலி. சூட்டுவலின்னு நினைச்சு, வெந்தயத்தை மோர்ல போட்டுக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன். வீட்டுக்காரர் சாயங்காலம் வரட்டும்னு இருந்தேன். மதியத்துக்குள் வயிறு உப்பி, தோள்பட்டையும் வலித்தது. எழுந்தால் கண் இருட்டியது. கூட்டத்துக்கு வரலையேன்னு தேடிவந்த ஊக்குநர் அக்காதான் 108-க்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. "குடும்பக் கட்டுப்பாடு பண்ணவளுக்கு இது எதுக்கு?" என்றேன். "கருக்குழாயில் கரு தங்கி வெடித்தாலும் இதே வலிதாம்மா. ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் அபூர்வமா வரும்" என்றார் டாக்டரம்மா. எனக்கு அது இல்லை. ஸ்கேன் பார்த்ததில், சினைப்பையில் இருந்த நீர்க்கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. உடம்பில் ரத்த அளவு 7-க்கு இறங்கிவிட்டது. 2 பாட்டில் ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து கசிவை நிறுத்தினார்கள். சினைப்பையை எடுக்கவில்லை.

நீர்க்கட்டி என்றாலே பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தானே கரைஞ்சிடும். வெடித்தாலும் ரத்தம் நின்றுவிட்டால் வலி மருந்தும் கண்காணிப்புமே போதும். ஆனால் திடீர் வலியோடு மயக்கம், படபடப்பு, தோள்வலி வந்தால் யாருக்கும் காத்திருக்காதீங்க. வெட்கப்படாம பக்கத்து வீட்டிலயாவது சொல்லுங்க. கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதும் முன், ஒரு எட்டு போய்ப் பாருங்க. அப்படிப் பார்த்ததால்தான் இன்னைக்கு நான் இங்கே நிக்கிறேன்.