கல்விக் கடனும் வருமான வரம்பும்



கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்குவது எப்போது? நம் நாடு நாள்காட்டியைப் பார்த்து விடை கூறுகிறது. ஆஸ்திரேலியா வருமானத்தைப் பார்த்துக் கூறுகிறது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்ததும் மாதத் தவணை தொடங்குகிறது. கடனைத் தீர்க்க 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆனால் ஊதியம் எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பொதுவாகத் தவணை அமைவதில்லை. பட்டதாரிக்கு வேலையில்லையேல், சுமை இணைக் கடன்தாரரான பெற்றோர் மீது விழுகிறது.

ஆஸ்திரேலியா 1989-இல் வேறு வழியை மேற்கொண்டது. ஆண்டு வருமானம் ஒரு வரம்பை எட்டினால் மட்டுமே, வரித்துறை வாயிலாகக் கடன் வசூலாகும். அதிலும் ஒரு குறை இருந்தது. 2024-25-இல் வரம்பு 54,435 டாலர். அதை எட்டியவர் முழு வருமானத்தின் மீதும் 1 விழுக்காடு, அதாவது சுமார் 544 டாலர், செலுத்த நேர்ந்தது. சற்றே குறைவாகப் பெற்றவருக்கு ஒன்றுமில்லை. 2025-26-இல் வரம்பு 67,000 டாலராக உயர்த்தப்பட்டது. முதல் படிநிலையில், அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் டாலருக்கு 15 சென்ட் வசூல். 70,000 டாலர் பெறுபவர் 450 டாலர் செலுத்துவார்.

வரம்பு என்பது தள்ளுபடி அன்று, அவகாசமே. குறியீட்டெண்ணுக்கேற்ப நிலுவை உயரும்.

நம் பட்டதாரிகளில் பலர் வருமான வரி வரம்புக்குள் வராததால், இம்முறையை அப்படியே பின்பற்றுதல் எளிதன்று. எனினும், தொடக்க ஆண்டுகளின் தவணையை ஊதியத்திற்கேற்ப அமைப்பது பற்றி அலுவலர்கள் ஆராய வேண்டும். மாணவர்களோ, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வட்டி விகிதத்தோடு தவணை தொடங்கும் நாளையும் கேட்டறிய வேண்டும்.