பித்தப்பையை அகற்றிய பின் மது அருந்தலாமா?

பித்தப்பையில் கல் உண்டாகி, அப்பையை அறுவை செய்து அகற்றிக்கொண்டவர்கள், வீடு திரும்பிய சில நாட்களிலேயே ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். பெரும்பாலும் மருத்துவரிடம் அன்று, நண்பரிடம். "இனி மது அருந்தலாமா?" என்பதே அக்கேள்வி. பித்தப்பை போய்விட்டதால் ஒரு துளி பட்டாலும் உயிருக்கு ஆபத்து என்பார் ஒருவர். கல்தான் போய்விட்டதே, இனி என்ன தடை என்பார் மற்றொருவர். இரண்டும் பிழை. பித்தப்பையையும் கல்லீரலையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே இப்பிழைகளுக்குக் காரணம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இக்குழப்பம் சற்று மிகுதியாகவே நேர்கின்றது. கருநாடகத்திலுள்ள ஹனூரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் அடங்கிய கொள்ளேகாலம் தாலுக்கா, 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்படும் வரை, சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று. அங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்கள் ஊர் பெயர்ந்தவை அல்ல, எல்லைதான் பெயர்ந்தது. வீட்டிலே தமிழ், பள்ளியிலும் மருத்துவமனையிலும் கன்னடம். கன்னடத்தில் பித்தப்பைக்குப் 'பித்தகோச' என்று பெயர். கல்லீரலுக்கு அங்குப் பாடநூல்கள் வழங்கும் பெயர் 'பித்தஜனகாங்க'. பித்தத்தைப் பிறப்பிக்கும் உறுப்பு என்பது பொருள். மருத்துவமனைப் பரபரப்பில் 'பித்த' என்னும் முற்பாதி மட்டும் செவியில் தங்கிவிட்டால், அகற்றப்பட்டது எது, உடலில் எஞ்சியிருப்பது எது என்பதே மயக்கமாகிவிடும். அவ்விரண்டனுள் ஒன்று இல்லாமல் மனிதன் வாழ்நாள் முழுதும் நலமாக இருக்கலாம். மற்றொன்று இன்றி வாழவே இயலாது.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 முதல் 1000 மில்லிலிட்டர் வரை அது சுரக்கின்றது. பித்தப்பை வெறும் சேமிப்புக் கலம். 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அங்குத் தங்கிய பித்தநீர் கெட்டியாகி, கொழுப்புள்ள உணவு வரும்போது குடலுக்குள் பாய்கின்றது. கலத்தை அகற்றினால் சுரப்பு நின்றுவிடுவதில்லை. பித்தநீர் சிறுகச் சிறுகக் குடலிலே இறங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவே. ஹனூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் காட்டிலே உலவும் யானைக்கும் புள்ளிமானுக்கும் இயற்கையிலேயே பித்தப்பை கிடையாது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவற்றின் செரிமானத்திற்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

மனிதரிடத்தில் இதனை முதன்முதல் அகற்றிக் காட்டியவர் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் கார்ல் லாங்கன்புக். 1882 ஜூலை 15ஆம் நாள். இந்தியாவில் சிறு துளைகளின் வழியே லாப்ரோஸ்கோப்பி முறையில் இவ்வறுவையை 1990இல் பம்பாயில் தொடங்கிவைத்தவர் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா.

இனி மதுவுக்கு வருவோம். அருந்திய மதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல்லீரலே சிதைத்து மாற்றுகின்றது. எஞ்சியது மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் கழிகின்றது. பித்தப்பைக்கு இதில் எவ்வகைப் பங்கும் இல்லை. ஆகவே பை போனதனால் மது புதிதாக நஞ்சாகிவிடுவதில்லை. முன்னர்ச் செய்த கேட்டினைச் செய்யாமல் விடுவதுமில்லை. அளவு எவ்வளவு சிறிதாயினும் கேடற்றது என்று சொல்லத்தக்க மது இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அது பை உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் பொது.

பீர் குடித்தால் கல் கரைந்துபோகும் என்றொரு வழக்கும் நம்மிடையே உண்டு. அது சிறுநீரகக் கல்லைப் பற்றி எழுந்த பேச்சு. அங்கும் அதனை மருத்துவமாகக் கொள்ள இடமில்லை. பித்தப்பைக் கல்லோ பெரும்பாலும் கொழுப்பினால் ஆனது. சிறுநீர்ப் பாதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கல்லுக்குக் கள் மருந்தாகாது என்று சொல்லி மேலே செல்வோம்.

உண்மையான இடர் வேறிடங்களில் இருக்கின்றது. முதலாவது, அறுவைக்கு முன்னரே தொடங்குவது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய ஒருவர், மருத்துவமனையிற் படுத்ததும் திடீரென அதனை நிறுத்த நேர்கின்றது. இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், உறக்கமின்மை, வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை தோன்றலாம். உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய நிலை இது. முன்னரே அறிந்திருந்தால் மருத்துவர் தக்க மருந்தளித்துத் தடுத்துவிடுவார். ஆனால் "குடிப்பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்கும்போது, அருகில் மாமனாரோ தமக்கையோ நிற்பதைக் கண்டு, "இல்லை" என்று சொல்லிவிடுபவர் பலர். கன்னடத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல மகனையே அழைத்துச் சென்றிருந்தால் நாணம் இன்னும் மிகும். உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுமாறு மருத்துவரையே கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

இரண்டாவது, அறுவைக்குப் பின் தரப்படும் மாத்திரைகள். டிரமடால் போன்ற வலி மருந்துகளுடன் மது சேர்ந்தால் மூச்சே தளர்ந்துபோகலாம். பாராசிட்டமாலும் மதுவும் மிகுந்தால் சுமை கல்லீரலின் மேல் விழும். மெட்ரோனிடசோல் உட்கொள்ளும்போதும், முடித்து மூன்று நாள் வரையிலும் மது கூடாதென்பது மருத்துவ எச்சரிக்கை. மாத்திரைகள் தீர்ந்து, புண் ஆறி, வயிறு வழக்கமான உணவுக்குப் பழகும் வரையிலாவது மதுவை அறவே நீக்கவேண்டும்.

மூன்றாவது கணையம். இதுவே எல்லாவற்றினும் கடுமையானது. கணைய அழற்சிக்குத் தலையாய காரணங்கள் இரண்டு: பித்தக்கல் ஒன்று, மது மற்றொன்று. கல் நழுவிக் கணைய அழற்சி வந்து, அதன் பொருட்டே பித்தப்பையை அகற்றிக்கொண்டவர், மறுபடியும் மதுவைத் தொடுவது ஒரு வாயிலை அடைத்துவிட்டு மறு வாயிலைத் திறந்துவைப்பதாகும். அவருக்கு "அளவாக" என்னும் பேச்சே பொருந்தாது. கல்லீரல் முன்னரே கெட்டுப்போனவருக்கும் அவ்வாறே. ஆகவே "எனக்குப் பையை எடுத்தார்களா?" என்பதைவிட, "எதற்காக எடுத்தார்கள்?" என்பதே ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டியது. அச்செய்தி மருத்துவமனையை விட்டு வரும்போது தரப்படும் சீட்டிலேயே இருக்கும். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டித் தெரிந்துகொள்க.

மதுவோடு வரும் வறுவலும் சிறு தொல்லையல்ல. சேமிப்புக் கலம் இல்லாத நிலையில், எண்ணெய் மிகுந்த இறைச்சி வறுவல் ஒரே வேளையில் இறங்கினால் சிலருக்குக் கழிச்சல் உண்டாகும். மது அதனை மேலும் தூண்டும். பழி மட்டும் அறுவை செய்த மருத்துவர் மேல் விழும்!

மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பாயும் வலி, ஓயாத வாந்தி, குளிர்காய்ச்சல், கண் மஞ்சளித்தல், சிறுநீர் கருத்து மலம் வெளுத்தல் ஆகியவற்றுள் எதுவாயினும் "வாயு" என்று எண்ணிச் சோடா அருந்திக் காத்திருத்தல் கூடாது. பித்தக்குழாயில் தங்கிவிட்ட கல்லோ, பித்தநீர்க் கசிவோ, கணைய அழற்சியோ காரணமாக இருக்கலாம். ஹனூரிலிருந்து கொள்ளேகாலமே 25 கிலோமீட்டர் அளவில் உள்ளது. மைசூர் அதற்கும் அப்பால். மலையடிவாரச் சிற்றூர்களில் இருப்போர் இரவு கழியட்டும் என்று பாராமல் 108 எண்ணில் வண்டியை அழைக்கவேண்டும்.

குடியை விட விரும்பியும் இயலாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவி உண்டு. எண் 14416. கட்டணமில்லை, எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும் தமிழில் பேசுவோர் வேண்டுமென்று கேட்கலாம்.