வள்ளி, ஒயில், கும்மி: ஒரு பெயருக்குள் மூன்று வயது

வள்ளி ஒயில் கும்மியின் தோற்றம்தான் நம் கருத்தரங்கின் பொருள். கொங்கு நாட்டின் ஊர் நோம்பிகளில், அதாவது திருவிழாக்களில், இன்று இந்த ஆட்டத்துக்குக் கிடைக்கும் வரவேற்பை நீங்கள் அறிவீர்கள். 2024ஆம் ஆண்டு கோவை மாவட்டத்து மூத்த கலைஞர் பத்திரப்பன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாடே இந்தப் பெயரைக் கேட்டது. புகழ் கூடும்போது பழமையும் கூடிக்கொண்டே போவது வழக்கம். இது சங்க காலம் தொட்டு மாறாமல் வந்த ஆட்டம் என்று இப்போது மேடைதோறும் சொல்லப்படுகிறது. அந்தக் கூற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஆட்டத்துக்குத் தோற்றம் ஒன்று அல்ல. கதைக்கு ஒரு வயது, கைகொட்டுக்கு ஒரு வயது, இரண்டும் சேர்ந்த வடிவத்துக்கு வேறொரு வயது. பெயரே மூன்று சொற்களாக நின்று இதைச் சொல்கிறது.

பழமை வாதத்துக்கு வலுவான சான்றுகள் இல்லாமல் இல்லை. அகநானூற்றின் 368ஆம் பாட்டில் கொங்கர் இடுப்பில் மணி கட்டிக்கொண்டு தெருவில் ஆடும் உள்ளி விழா வருகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் வரும் வாடா வள்ளியை உரையாசிரியர்கள் வள்ளிக்கூத்து என்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் குன்றக்குரவை தனிக் காதையாகவே நிற்கிறது. ஆனால் இவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளி விழாவின் மணி, கும்மியைவிட காலில் சலங்கை கட்டி ஆடும் நம் பெருஞ்சலங்கை ஆட்டத்துக்கே நெருக்கமாக ஒலிக்கிறது. வாடா வள்ளியில் பெயர் இருக்கிறது, அடவு எப்படி இருந்தது என்பதற்குக் குறிப்பு இல்லை. குரவையோ கைகோத்து ஆடுவது. கைகோத்தால் கொட்ட முடியாது, கொட்ட வேண்டுமானால் கோத்த கையை விட்டாக வேண்டும். கும்மியில் தாளம் உள்ளங்கையில்தான் பிறக்கிறது. குனிந்து முன்னால் ஒரு கொட்டு, நிமிர்ந்து பக்கவாட்டில் ஒரு கொட்டு, அதற்குள் கால் ஓர் அடி வட்டத்தில் நகர்ந்திருக்கும். குரவையும் கும்மியும் வட்டத்தில் ஆடப்படுபவை என்பதற்காக ஒன்றை மற்றொன்றின் தாய் என்று எழுதிவிட முடியாது. சங்கப் பாட்டு நமக்குத் தருவது, இந்த மண்ணில் தெருவில் கூடி ஆடும் பழக்கம் பழையது என்ற சான்று. அதுவே பெரிது, அதற்கு மேல் அதன் தலையில் ஏற்றக் கூடாது.

கும்மியின் வேரை ஏட்டில் தேடுவதைவிட வாசலில் தேடுவது நல்லது. மார்கழி வாசலில் பூசணிப்பூ சூட்டிய சாணிப் பிள்ளையாரைப் பொங்கலுக்குப் பின் கொண்டுபோய் விடும் நாள், பூப்பறிக்கிற நோம்பி, மாரியம்மனுக்கு முளைப்பாரியும் மாவிளக்கும் எடுக்கும் நாள் என்று, பெண்கள் வட்டம் போட்டுக் கைகொட்டும் நாள்கள் நம் ஊர் ஆண்டுக்கணக்கில் வரிசையாக இருக்கின்றன. கும்மி மெட்டு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குப் பாரதியாரே சாட்சி. பெண் விடுதலையைப் பாட வந்தபோது அவர் எடுத்துக்கொண்டது கும்மியைத்தான். கேட்பவர் காதில் மெட்டு ஏற்கெனவே இருந்தால்தான் புதுக் கருத்தை அதில் ஏற்றி அனுப்ப முடியும்.

வள்ளி கதையின் வயது இதைவிட அதிகம். நற்றிணையின் 82ஆம் பாட்டிலேயே முருகனோடு அவள் பேசப்படுகிறாள். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் அவள் திருமணத்தில்தான் நிறைவடைகிறது. தமிழ்நாடெங்கும் அறிந்த இந்தக் கதை கொங்கில் மட்டும் ஏன் ஆட்டமாக ஊன்றியது? மருதமலை, சென்னிமலை, சிவன்மலை, பழநி என்று குன்றுதோறும் முருகன் இருப்பது ஒரு காரணம்தான். அதைவிட வலுவான காரணம் காட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மழையையும் கிணற்றையும் நம்பிய மேட்டு நிலத்தில் சோளமும் கம்பும் கதிர் பிடிக்கும்போது, பரண் மேல் நின்று கவண் சுழற்றிக் குருவி ஓட்டியது இந்த ஊர்ப் பிள்ளைகளின் வேலை. வள்ளி செய்ததும் அதே வேலை. தினைக்காட்டில் ஆலோலம் பாடியவளை இந்த மக்கள் தெய்வமாகப் பார்க்கும் முன்பே தங்களில் ஒருத்தியாகப் பார்த்திருப்பார்கள். கிழவனாக வந்த முருகனும் வள்ளியும் வாய்க்கு வாய் வாதாடும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். அதன் நடை புராணத்தைவிட, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் வழியாக ஊர் ஊராகப் பரவிய நாடக மேடைக்கு அருகில் இருக்கிறது. சுவாமிகள் மறைந்தது 1922இல். அப்படியானால் பாட்டின் ஒரு பகுதியாவது நாம் நினைப்பதைவிட மிக இளையது.

இனி ஒயில். பிற மாவட்டங்களில் ஒயில் என்றால் ஆண்கள் கைத்துணி வீசி வரிசையில் ஆடுவது. கொங்கிலும் வள்ளி ஒயில் கும்மியை ஆண்களே ஆடிவந்தார்கள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து அந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முன்னவர் பத்திரப்பன் அவர்கள். பெண்களின் கும்மியை ஆண்கள் தங்கள் ஒயிலோடும் சலங்கையோடும் சேர்த்து, வள்ளியின் கதையை அதில் கோத்தார்கள். பின்னர் அது பெண்களிடமே திரும்பி வந்தது. பல்லாண்டுப் பயணம் இது. மாறாத பழமை என்று சொல்லும்போது இந்தப் பயணத்தைத்தான் மறைக்கிறோம்.

இப்படிப் பகுத்தால் கலையின் பெருமை குறையாதா என்று கேட்பார்கள். குறையாது. மாறாமல் இருந்தது பெட்டிக்குள் கிடந்ததாகத்தான் இருக்கும். இது மக்கள் காலில் கிடந்தது, அதனால் மாறியது. இந்த ஆட்டம் ஒரு சமூகத்துக்கே உரியது என்று சொல்பவர்களும் உண்டு. வளர்த்தவர்களின் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் நாயகி குறவர் குடியில் வளர்ந்தவள். முருகன் குலம் பார்க்காமல் காடு தேடி வந்து அவளைக் கைப்பிடித்த கதையைத்தான் விடிய விடிய ஆடுகிறோம். அந்த வட்டத்துக்கு வேலி போடுவதைக் கதையே ஏற்காது.

இதையெல்லாம் சான்றோடு நிறுவப் பதிவுகள் வேண்டும். காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, மானிடவியலாளர் பிரெண்டா பெக் அம்மையார் 1965ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொங்கு நாட்டார் காப்பியமான அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். கவிஞர் சக்திக்கனல் அதே கதையை ஏட்டிலிருந்து நூலாக்கினார். அதனால்தான் அந்தக் கதையைப் பற்றி இன்று சான்றோடு பேச முடிகிறது. வள்ளி கும்மிக்கு அப்படிப்பட்ட அடித்தளம் வேண்டும். வாத்தியார்களின் வீட்டில் பாட்டு எழுதிய பழைய நோட்டுகள் இருக்கின்றன. ஓரம் கிழிந்து, ஒரே அடி இரண்டு விதமாகத் திருத்தப்பட்டு. அந்தத் திருத்தங்கள்தான் நமக்குத் தேவையான சான்று. எந்த ஊரில் எந்த அடி, யாரிடம் கற்றது, எந்த ஆண்டு சேர்த்தது என்று ஊர்வாரியாகக் குறித்து, நோட்டுகளைப் படியெடுத்து, மூத்தவர்களின் குரலைப் பதிவுசெய்யும் வேலையை இந்த அரங்கு இன்றே பிரித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.